கொழுந்து எடைக் கணக்கை ஒன்றுசேர்க்க: சர்வரில் எஸ்.எஸ்.ஐ.எஸ். நிறுவும் முறை

கோத்தகிரி, குன்னூர், குந்தா பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் கணக்கு நாலைந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். ஊர்களில் கொழுந்து எடை போடும் இடங்களிலிருந்து வரும் தினசரிக் கோப்பு ஒன்று. தொழிற்சாலை வாசலில் லாரி வந்து நிற்கும்போது எடுக்கும் எடை இன்னொன்று. அங்கத்தினர் பட்டியல் எக்செலில், பணப் பட்டுவாடா வேறொரு கணக்கு மென்பொருளில், குன்னூர் ஏலத்தில் விற்ற விவரம் வாராவாரம் தனியாக. மாதக் கடைசியில் யாராவது ஒருவர் உட்கார்ந்து இவற்றை எல்லாம் கையால் ஒட்டிச் சேர்க்கிறார். சாக்கு எடையும் மழை நாளில் ஈரத்துக்கான கழிவும் போக ஒரு விவசாயிக்கு எத்தனை கிலோ நிற்கிறது, தேயிலை வாரியம் அறிவித்த அந்த மாதத்துச் சராசரி விலையை வைத்துப் பார்த்தால் அவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒட்டு வேலையில்தான் முடிவாகிறது. ஒரு வரி இடம் மாறினால் ஒரு குடும்பத்தின் மாத வருமானம் மாறிவிடும்.

இந்த ஒட்டு வேலையை இரவோடு இரவாகத் தானே செய்துமுடிக்கத்தான் தரவு ஒருங்கிணைப்பு மென்பொருள் இருக்கிறது. அதைச் சர்வரில் நிறுவுவது கடினம் அல்ல. விசார்ட் என்ற நிறுவல் வழிகாட்டி ஒவ்வொரு திரையாகக் கேட்கும், நீங்கள் நெக்ஸ்ட் கொடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் அந்தத் திரைகளில் சில கேள்விகளுக்குச் சொல்லும் பதிலைப் பிற்பாடு மாற்றவே முடியாது, அல்லது எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத்தான் மாற்ற முடியும். மற்றவற்றை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எது எந்த வகை என்று புதிதாகச் செய்பவருக்குத் தெரியாது, விசார்டும் சொல்லாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு

இதற்கு மென்பொருள்கள் பல உண்டு. அப்பாச்சி ஹாப் போன்ற இலவசக் கருவிகளும் நல்லவையே. ஜாவா இருந்தால் ஜிப் கோப்பை விரித்து ஓட்டலாம். இங்கே நான் எடுத்துக்கொள்வது மைக்ரோசாஃப்ட்டின் எஸ்.கியூ.எல். சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளோடு வரும் இன்டக்ரேஷன் சர்வீசஸ், சுருக்கமாக எஸ்.எஸ்.ஐ.எஸ். நம் அலுவலகங்களில் பெரும்பாலும் விண்டோஸ்தான் ஓடுகிறது, இருக்கிற ஆட்களுக்கும் அதுதான் பழக்கம். 2005 பதிப்பில் டி.டி.எஸ். என்ற பழைய கருவிக்குப் பதிலாக வந்தது இது. 2012-இல் கேட்டலாக் என்ற வசதி சேர்ந்தது. எந்த வேலை எப்போது ஓடியது, எந்தப் படியில் நின்றது என்று அதுவே பதிந்துவைக்கும். பணக் கணக்குக்கு அந்தப் பதிவு பெரிய துணை. கீழே வருவது 2022 பதிப்பின் விசார்டை வைத்து எழுதியது.

பதிப்பு விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் எஸ்.எஸ்.ஐ.எஸ். கிடையாது, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஏஜென்ட்டும் கிடையாது. டெவலப்பர் பதிப்பு இலவசம், எல்லா வசதியும் உண்டு, ஆனால் உரிமம் பழகவும் சோதிக்கவும் மட்டும்தான். உண்மையான பட்டுவாடாக் கணக்கை அதில் ஓட்டக் கூடாது. இவேலுவேஷன் பதிப்பு 180 நாளில் நின்றுவிடும். ஆக, அன்றாட வேலைக்கு ஸ்டாண்டர்ட் பதிப்பை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். முதலில் ஒரு பழைய கணினியில் டெவலப்பர் பதிப்பைப் போட்டு இந்தக் கட்டுரைப்படி ஒரு முறை முழுவதும் செய்துபாருங்கள். அப்புறம் நிர்வாகத்திடம் செலவுக்குக் கேட்கலாம். கையில் ஓடும் ஒன்றைக் காட்டிக் கேட்டால் எடுபடும்.

விசார்டைத் திறப்பதற்கு முன்

சர்வரை எங்கே வைப்பது என்பதில் தொடங்கலாம். சலிக்கும் அறைக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தேயிலைத் தூளும் பஞ்சும் விசிறிகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உலர்த்தும் அறைப் பக்கம் சூடும் கரியும். ஜன்னலோர மேசையும் சரியில்லை. கோத்தகிரியில் ஜூலையிலும் நவம்பரிலும் மூடுபனி அறைக்குள்ளேயே வந்துவிடும். பெரும்பாலான சர்வர்களின் குறிப்பேட்டில் ஈரப்பதம் இவ்வளவு வரை இருக்கலாம், ஆனால் நீராகப் படியக் கூடாது என்றுதான் போட்டிருப்பார்கள். இரவெல்லாம் அணைந்து குளிர்ந்து கிடந்த இயந்திரத்தின் மேல் ஈரக்காற்று படும்போதுதான் நீர் படிகிறது. அதனால் சர்வரைத் தினமும் அணைத்து ஏற்றாமல் தொடர்ந்து ஓடவிடுவது இங்கே நல்லது. உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஏறக்குறைய 3,000 மீட்டர் வரை வேலை செய்யும்படிதான் பொதுவாகச் சர்வர்களைச் செய்கிறார்கள், உதகையே 2,240 மீட்டர்தான்.

மின்சாரம்தான் பெரிய விஷயம். விசார்ட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால் அரைகுறையாக நிறுவிய நிலையில் நிற்கும். அதைச் சுத்தம் செய்து மறுபடி தொடங்குவதில் ஒரு நாள் போய்விடும். யூ.பி.எஸ். இல்லாமல் தொடங்காதீர்கள். மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு நாளைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடி மழை வழக்கம் என்பதால் காலையிலேயே வேலையை முடித்துவிடுவது நல்லது.

அடுத்து விண்டோஸ். 2022 பதிப்புக்கு விண்டோஸ் சர்வர் 2016 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். வட்டில் குறைந்தது 6 ஜி.பி. இடமும் 4 ஜி.பி. நினைவகமும் இருந்தால் நிறுவிவிடும். ஆனால் நிஜ வேலைக்கு 16 ஜி.பி. நினைவகமாவது இருக்கட்டும். சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் தரவு என்று இரண்டு தனி வட்டுகள் இருந்தால் பிற்பாடு நிம்மதி. நெட்வொர்க்கில் எல்லோருடைய உள்நுழைவையும் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலராக இருக்கும் கணினியில் இதை நிறுவாதீர்கள். மைக்ரோசாஃப்ட்டே வேண்டாம் என்கிறது.

மூன்று விஷயங்களை நிறுவுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். கணினிக்கு நிரந்தரப் பெயர் வையுங்கள். கடையிலிருந்து வந்த எழுத்தும் எண்ணுமான பெயரோடு நிறுவிவிட்டுப் பிறகு மாற்றினால் எஸ்.கியூ.எல். சர்வருக்குள் பழைய பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும், அதைத் தனியாகத் திருத்த வேண்டிவரும். நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு வையுங்கள். இல்லாவிட்டால் இரவு பதினொன்றரைக்கு ஓட வேண்டிய வேலை காலை ஐந்து மணிக்கு ஓடி, எடை வேறு தேதியில் ஏறிவிடும். விண்டோஸ் அப்டேட்டுகளை முழுவதும் போட்டு ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் பாக்கி இருந்தால் விசார்ட் சோதனையிலேயே நிறுத்திவிடும்.

பிறகு ஒரு தாளை எடுத்து இவற்றை எழுதிவையுங்கள்: இன்ஸ்டன்ஸ் பெயர் (ஒரு கணினியில் நிறுவும் ஒவ்வொரு தனி எஸ்.கியூ.எல். சர்வருக்கும் உள்ள பெயர்), கோலேஷன் (எழுத்துகளை அடுக்கும் விதி, பின்னால் விளக்கம் வரும்), தரவுக் கோப்புகள் போகும் இடம், நிர்வாகியாக இருக்கப்போகும் இரண்டு பேர். ஒருவர் அல்ல, இரண்டு பேர். ஒருவர் வேலையை விட்டுக் கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் இன்னொருவரால் உள்ளே நுழைய முடிய வேண்டும்.

நிறுவல் கோப்பை இறக்குதல்

மைக்ரோசாஃப்ட் தளத்தில் முதலில் கிடைப்பது சில எம்.பி. அளவுள்ள சின்னக் கோப்பு. அதைச் சர்வரில் ஓட்டினால் பேசிக், கஸ்டம், டவுன்லோட் மீடியா என்று மூன்று வழி காட்டும். பேசிக்கைத் தொடாதீர்கள், அது உங்களிடம் அதிகம் கேட்காமல் நிறுவிவிடும், எஸ்.எஸ்.ஐ.எஸ். அதில் வராது. கஸ்டம் வழி இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே போகும். மழைக்காலத்தில் மலையில் இணையம் எப்போது அறும் என்று யாருக்கும் தெரியாது. டவுன்லோட் மீடியாவைத் தேர்ந்தெடுத்து ஐ.எஸ்.ஓ. வடிவில் முழுக் கோப்பையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜி.பி.க்கு மேல் இருக்கும். இணையம் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கிப் பென்டிரைவில் கொண்டுவந்தாலும் சரி. கூடவே சர்வரை நிர்வகிக்கும் கருவியான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவையும், இதுவரை வந்த திருத்தங்களின் தொகுப்பான அண்மைய க்யூமுலேட்டிவ் அப்டேட்டையும் இறக்கிக்கொள்ளுங்கள். இரண்டும் தனித்தனிக் கோப்புகள், ஐ.எஸ்.ஓ.வுக்குள் இருக்காது. 2017 பதிப்பிலிருந்து சர்வீஸ் பேக் என்பது கிடையாது, திருத்தங்கள் எல்லாம் க்யூமுலேட்டிவ் அப்டேட்டாகவே வருகின்றன.

விசார்ட், திரை திரையாக

ஐ.எஸ்.ஓ.வை இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு டிரைவாகத் திறக்கும். அதிலுள்ள செட்டப்பை வலது கிளிக் செய்து நிர்வாகியாக ஓட்டுங்கள். இன்ஸ்டலேஷன் சென்டர் என்ற ஜன்னல் வரும். இடது பக்கம் பிளானிங் பகுதியில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் செக்கர் இருக்கிறது; முதலில் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு இன்ஸ்டலேஷன் பகுதிக்குப் போய் முதலாவதாக உள்ள ஸ்டாண்ட்அலோன் நிறுவலைத் தேர்ந்தெடுங்கள்.

எடிஷன் திரையில் பதிப்பு அல்லது வாங்கிய உரிம எண். லைசன்ஸ் திரையில் சம்மதம். மைக்ரோசாஃப்ட் அப்டேட் திரையில் இணையம் சரியில்லையென்றால் டிக் வேண்டாம். இன்ஸ்டால் ரூல்ஸ் திரையில் ஃபயர்வால் என்ற வரிக்கு மஞ்சள் எச்சரிக்கை வரும். அது எல்லோருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டாம். சிவப்பு வந்தால் மட்டும் நின்று அந்த வரியைக் கிளிக் செய்து காரணத்தைப் படியுங்கள். 2022 பதிப்பில் ஆஷ்யூர் எக்ஸ்டென்ஷன் என்ற திரை புதிது (ஆஷ்யூர் என்பது மைக்ரோசாஃப்ட்டின் இணையவழிச் சேவை). அதில் டிக் முன்கூட்டியே போட்டிருக்கும். ஆஷ்யூர் கணக்கு இல்லாதவர்கள் அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் நெக்ஸ்ட் கொடுத்தால் கணக்கு விவரம் கேட்டு நகராமல் நிற்கும்.

ஃபீச்சர் செலக்‌ஷன் திரை. இங்கே இரண்டே இரண்டு டிக் போதும். மேலே டேட்டாபேஸ் எஞ்சின் சர்வீசஸ், கீழே ஷேர்டு ஃபீச்சர்ஸ் என்பதன் அடியில் இன்டக்ரேஷன் சர்வீசஸ். எஞ்சின் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். கேட்டலாக் என்பதே அந்த எஞ்சினுக்குள் இருக்கும் ஒரு தரவுத்தளம், அதனால் இரண்டும் வேண்டும். இன்டக்ரேஷன் சர்வீசஸின் கீழ் ஸ்கேல் அவுட் மாஸ்டர், ஸ்கேல் அவுட் வொர்க்கர் என்று இரண்டு இருக்கும். பல சர்வர்களில் வேலையைப் பங்கிட்டு ஓட்டுபவர்களுக்கானவை அவை. ஒரு தொழிற்சாலைக்கு வேண்டியதில்லை. 'எல்லாம் இருக்கட்டுமே' என்று எல்லாவற்றுக்கும் டிக் போடும் பழக்கம் நல்லதல்ல. போடும் ஒவ்வொரு டிக்கும் பிறகு நீங்கள் அப்டேட் செய்து காக்க வேண்டிய இன்னொரு சர்வீஸ்.

அடுத்தது இன்ஸ்டன்ஸ் கான்ஃபிகரேஷன். மாற்ற முடியாத கேள்விகளில் முதலாவது. இன்ஸ்டன்ஸ் பெயரை வைத்தபின் மாற்ற வழியே இல்லை, அழித்துவிட்டு மறுபடி நிறுவுவதுதான் வழி. கீழே ஒரு பட்டியலில் ஏற்கெனவே உள்ள இன்ஸ்டன்ஸ்கள் தெரியும். உங்கள் கணக்கு மென்பொருள் தன் பங்குக்கு ஓர் எக்ஸ்பிரஸ் இன்ஸ்டன்ஸை நிறுவியிருக்கலாம். அது அங்கே தெரிந்தால் அதைத் தொடாதீர்கள், அதன் மேல் எதையும் சேர்க்காதீர்கள். டீஃபால்ட் இன்ஸ்டன்ஸ் காலியாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவிகளும் கணினிப் பெயரை மட்டும் சொன்னாலே அதைக் கண்டுபிடித்துவிடும்.

சர்வர் கான்ஃபிகரேஷன் திரையில் இரண்டு தாவல்கள். முதலாவது சர்வீஸ் கணக்குகள், அதாவது ஒவ்வொரு சர்வீசும் விண்டோஸில் எந்தப் பயனர் பெயரில் ஓடும் என்பது. விசார்ட் தானே முன்வைக்கும் கணக்குகளை அப்படியே விடுங்கள்; அவை ஒவ்வொரு சர்வீசுக்கும் தனியாக உருவாகும், கடவுச்சொல் இல்லாத கணக்குகள். பிற்பாடு தேவைப்பட்டால் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் மாற்றலாம். ஆனால் ஒன்றை இங்கேயே மாற்றுங்கள்: எஸ்.கியூ.எல். சர்வர் ஏஜென்ட் என்ற வரியில் ஸ்டார்ட்டப் டைப் மேனுவல் என்று இருக்கும், அதை ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். மேனுவலாக விட்டால், கரண்ட் போய்வந்து சர்வர் தானே ஏறிய பிறகு எஞ்சின் ஓடும், ஏஜென்ட் ஓடாது. இரவு வேலைகள் சத்தமில்லாமல் நின்றுபோகும். வாரம் கழித்து அங்கத்தினர் ஒருவர் வந்து கேட்கும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது தாவல் கோலேஷன். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது, எதை எதோடு சமமென்று கொள்வது என்ற விதி அது. விண்டோஸின் பிராந்திய அமைப்பைப் பார்த்து விசார்ட் ஒன்றை முன்வைக்கும். இதுவும் மாற்ற முடியாத வகைதான். சர்வர் முழுவதற்குமான கோலேஷனை மாற்றுவதென்றால் அடிப்படைத் தரவுத்தளங்களையே மறுபடி கட்ட வேண்டும். தமிழ்ப் பெயர்கள் இருக்கின்றனவே, தமிழுக்கான கோலேஷன் வேண்டாமா என்று தேடினால் இந்தத் திரையில் கிடைக்காது. இந்திய மொழிகளுக்கான இண்டிக் ஜெனரல் கோலேஷன் யூனிகோடுக்கு மட்டுமானது, சர்வர் அளவில் வைக்க முடியாது, வேண்டிய நெடுவரிசைக்கு மட்டும் தனியாக வைக்கலாம். இங்கே நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. அலுவலகத்தில் ஏற்கெனவே ஓர் எஸ்.கியூ.எல். சர்வர் இருந்து, அதிலிருந்து தரவு எடுக்கப்போகிறீர்கள் என்றால், அதன் கோலேஷன் என்னவோ அதையே இதற்கும் வையுங்கள். வேறு வேறாக இருந்தால் இரண்டு பட்டியல்களை அங்கத்தினர் எண்ணை வைத்து இணைக்கும்போது கோலேஷன் மோதல் என்ற பிழை வரும். அந்தப் பிழையை ஒவ்வொரு வினவலிலும் ஒட்டுப்போட்டுச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

டேட்டாபேஸ் எஞ்சின் கான்ஃபிகரேஷன் திரையில் தாவல்கள் நிறைய. முதல் தாவலில் விண்டோஸ் உள்நுழைவு மட்டும் போதுமா, எஸ்.கியூ.எல். கடவுச்சொல்லும் வேண்டுமா என்று கேட்கும். எடைக் கருவிகளின் மென்பொருள் எஸ்.கியூ.எல். கடவுச்சொல்லில்தான் இணையும் என்றால் மிக்ஸ்டு மோடு. இல்லையென்றால் விண்டோஸ் மட்டும். இதைப் பிறகு எளிதாக மாற்றலாம், அதிகம் யோசிக்க வேண்டாம். அதே தாவலின் கீழே ஆட் கரன்ட் யூசர் பொத்தானை அழுத்தி உங்களைச் சேர்த்து, தாளில் எழுதிய இரண்டாமவரையும் சேருங்கள். டேட்டா டைரக்டரீஸ் தாவலில் தரவு, லாக், பேக்கப் மூன்றையும் டி டிரைவுக்கு மாற்றுங்கள். டெம்ப் டி.பி. தாவலை விசார்ட் முன்வைத்தபடியே விடலாம்.

மெமரி தாவலில் கொஞ்சம் நில்லுங்கள். எஸ்.கியூ.எல். சர்வர் இயல்பாக, கிடைக்கும் நினைவகத்தை எல்லாம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் எஸ்.எஸ்.ஐ.எஸ். வேலைகள் எஞ்சினுக்கு வெளியே தனிச் செயலாக ஓடுகின்றன, அவற்றுக்கு எஞ்சினுக்கு ஒதுக்கிய நினைவகத்திலிருந்து பங்கு வராது. எஞ்சினே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் ஒருங்கிணைப்பு வேலை மூச்சுத் திணறும். 16 ஜி.பி. சர்வரில் எஞ்சினுக்கு அதிகபட்சம் 9 அல்லது 10 ஜி.பி. என்று வரம்பு கட்டி, மீதியை விண்டோசுக்கும் எஸ்.எஸ்.ஐ.எஸ்.ஸுக்கும் விடுங்கள்.

கடைசியாக ரெடி டு இன்ஸ்டால். நீங்கள் தேர்ந்தெடுத்தவை எல்லாம் பட்டியலாக வரும். தாளோடு ஒப்பிடுங்கள். திரையின் அடியில் கான்ஃபிகரேஷன் ஃபைல் என்ற கோப்பின் முகவரி தெரியும். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். நாளை வட்டு பழுதாகி வேறு கணினியில் நிறுவ வேண்டி வந்தால் அந்தக் கோப்பைச் செட்டப்புக்குக் கொடுத்தாலே அதே பதில்களோடு நிறுவிவிடும்; கடவுச்சொற்களை மட்டும் மறுபடி கொடுக்க வேண்டும். பிறகு இன்ஸ்டால். வட்டின் வேகத்தைப் பொறுத்து நேரம் பிடிக்கும். இடையில் நின்றதுபோல் தெரிந்தாலும் மூடாதீர்கள்.

முடிவுத் திரையில் எல்லா வரியிலும் பச்சை டிக் வர வேண்டும். ஏதாவது சிவப்பாக இருந்தால் அதே திரையில் சம்மரி என்ற பதிவுக் கோப்பின் இணைப்பு இருக்கும். அதைத் திறந்து முதலில் தோற்ற வரியைத் தேடுங்கள். பின்னால் வரும் பிழைகள் பெரும்பாலும் முதலாவதன் விளைவுதான். புது வகை என்.வி.எம்.இ. வட்டுகளில் எஞ்சின் மட்டும் எழவே மாட்டேன் என்கிறது, ரெக்கவரி ஹேண்டில் என்ற சொல்லோடு பிழை வருகிறது என்றால், வட்டின் செக்டர் அளவு 4 கே.பி.க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்.கியூ.எல். சர்வர் 512 பைட், 4 கே.பி. இரண்டை மட்டுமே ஏற்கும். அதற்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் செய்ய வேண்டிய மாற்றத்தை மைக்ரோசாஃப்ட் தன் தளத்தில் விளக்கியிருக்கிறது.

நிறுவிய கையோடு

க்யூமுலேட்டிவ் அப்டேட்டைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவை நிறுவுங்கள். முதல் முறை இணையும்போது சான்றிதழை நம்ப முடியவில்லை என்று பிழை வந்தால், உள்நுழைவுப் பெட்டியில் டிரஸ்ட் சர்வர் சர்ட்டிஃபிகேட் என்பதற்கு டிக் போடுங்கள். அதே சர்வரில் இருந்துகொண்டு இணையும்போது அது போதும்.

இடது பக்க மரத்தில் இன்டக்ரேஷன் சர்வீசஸ் கேட்டலாக்ஸ் என்ற வரி இருக்கும். வலது கிளிக், கிரியேட் கேட்டலாக். சி.எல்.ஆர். இன்டக்ரேஷனை இயக்குவதற்கு டிக் போட வேண்டும், அது இல்லாமல் கேட்டலாக் உருவாகாது. அடியில் ஒரு கடவுச்சொல் கேட்கும். விசார்ட் முடிந்துவிட்டது என்ற களைப்பில் இந்தக் கடவுச்சொல்லைத்தான் பலரும் ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். கேட்டலாக்கில் சேமிக்கும் இணைப்பு ரகசியங்கள் எல்லாவற்றையும் பூட்டும் சாவி இதிலிருந்துதான் வருகிறது. இன்னொரு சர்வருக்குக் கேட்டலாக்கை நகர்த்தும் நாளில் இந்தக் கடவுச்சொல்லோ சாவியின் நகலோ இல்லையென்றால் அந்த ரகசியங்கள் திறக்காது. உடனே ஒரு வினவல் ஜன்னலைத் திறந்து, கேட்டலாக் இருக்கும் எஸ்.எஸ்.ஐ.எஸ்.டி.பி. தரவுத்தளத்தில் பேக்கப் மாஸ்டர் கீ கட்டளையை ஓட்டி, சாவியைக் கோப்பாக எடுத்து, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, இரண்டையும் உறையில் போட்டு அலுவலக இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

கேட்டலாக்கின் ப்ராப்பர்ட்டீஸில் பதிவுகளை 365 நாள் வைத்திருப்பது இயல்பு அமைப்பு. தினமும் பல வேலைகள் ஓடினால் அது பெருத்துவிடும். 60 நாளுக்குக் குறையுங்கள்; இரண்டு மாதப் பட்டுவாடாவைத் திரும்பிப் பார்க்க அது போதும்.

மற்றக் கணினிகள் இதோடு பேச வேண்டும் என்றால் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் டி.சி.பி./ஐ.பி. இயங்குகிறதா என்று பாருங்கள். டெவலப்பர் பதிப்பில் அது அணைந்தே வரும். இயக்கிய பிறகு சர்வீசை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். விண்டோஸ் ஃபயர்வாலில் 1433 போர்ட்டை அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இணையத்துக்கு ஒருபோதும் திறக்காதீர்கள்.

தமிழ்ப் பெயரோடு முதல் சோதனை

வேலைகளை வடிவமைப்பது சர்வரில் அல்ல. உங்கள் மேசைக் கணினியில் விஷுவல் ஸ்டூடியோவும் அதற்கான எஸ்.எஸ்.ஐ.எஸ். நீட்சியும் போட்டு அங்கே செய்து, முடித்ததைச் சர்வருக்கு டிப்ளாய் செய்வீர்கள். முதல் வேலை சின்னதாக இருக்கட்டும். ஓர் ஊரின் ஒரு நாள் எடைக் கோப்பை ஒரு அட்டவணையில் ஏற்றுவது, அவ்வளவுதான். கோப்பில் தமிழ்ப் பெயர் நாலைந்து கட்டாயம் இருக்கட்டும்.

அட்டவணையில் பெயர் நெடுவரிசை, யூனிகோடு எழுத்துகளை ஏற்கும் என்வார்கேர் வகையாக இருக்க வேண்டும். வார்கேர் என்று, வழக்கமான கோலேஷனோடு வைத்தால் பெயர் முழுவதும் கேள்விக்குறிகளாக ஏறும். ஏறிய பிறகு மீட்கவே முடியாது, மூலக் கோப்பிலிருந்து மறுபடிதான் ஏற்ற வேண்டும். சி.எஸ்.வி. கோப்பு யூ.டி.எஃப்-8 என்றால் ஃப்ளாட் ஃபைல் இணைப்பில் கோட் பேஜ் 65001 என்று தேர்ந்தெடுங்கள். நெடுவரிசையின் நீளத்தையும் தாராளமாக வையுங்கள். போஜன் என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, யூனிகோடில் ஐந்து குறிகள். இருபது போதும் என்று நினைத்த இடத்தில் ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் சேர்ந்தால் வெட்டுப்படும்.

பெயரை வைத்து எந்த இரண்டு பட்டியலையும் இணைக்காதீர்கள். ஒரே ஹட்டியில் (படகர் ஊரில்) ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். போதாததற்கு, ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், உள்ளே வேறு வேறு. அங்கத்தினர் எண்ணை மட்டுமே நம்புங்கள். எண் இல்லாமல் வரும் வரிகளை எறிந்துவிடாமல் தனி அட்டவணையில் ஒதுக்கி, காலையில் ஒருவர் கையால் பார்க்கும்படி வையுங்கள். அந்த ஒதுக்கிய வரியும் யாரோ முதுகில் சுமந்துவந்த கொழுந்துதான்.

எக்செல் கோப்பிலிருந்து எடுப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. சர்வரில் எக்செலுக்கான ஏ.சி.இ. டிரைவர் தனியாக நிறுவியிருக்க வேண்டும். அது 32 பிட் என்றால், ஏஜென்ட் வேலையில் 32 பிட் ரன்டைம் என்ற டிக்கும் போட வேண்டும். முடிந்தால் எடைக் கோப்புகளை சி.எஸ்.வி.யாகவே கேட்டு வாங்குங்கள், இந்தத் தொல்லையே இல்லாமல் போகும்.

இரவில் தானே ஓட

டிப்ளாய் செய்த வேலையை ஏஜென்ட்டில் ஒரு ஜாபாக வைத்து நேரம் குறியுங்கள். கையால் ஓட்டினால் ஓடுகிறது, இரவில் தானே ஓடும்போது தோற்கிறது என்பதுதான் புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் சந்திப்பது. காரணம் எளிது. கையால் ஓட்டும்போது உங்கள் உரிமையில் ஓடுகிறது, இரவில் ஏஜென்ட்டின் கணக்கில் ஓடுகிறது. எடைக் கோப்புகள் வந்து விழும் ஃபோல்டரைப் படிக்க அந்தக் கணக்குக்கு அனுமதி கொடுக்க வேண்டும். ஃபோல்டர் வேறு கணினியில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் இயல்புக் கணக்கு நெட்வொர்க்கில் சர்வரின் பெயரில்தான் போய் நிற்கும். அதைவிடக் கோப்புகளைச் சர்வரின் டி டிரைவிலேயே வந்து விழும்படி செய்வது சுலபம். டிரைவ் எழுத்து ஒதுக்கிய நெட்வொர்க் ஃபோல்டர்களை ஏஜென்ட் பார்க்காது என்பதையும் மறக்காதீர்கள்.

மஞ்சூர் பக்கத்திலிருந்து வர வேண்டிய கோப்பு மழையில் இணையம் அறுந்து வராமல் போகும் நாள்கள் நிச்சயம் உண்டு. கோப்பு வராவிட்டால் வேலை மொத்தமும் தோற்காமல், வந்தவற்றை ஏற்றி, வராத ஊரின் பெயரைக் குறித்துவைக்கும்படி அமையுங்கள். மறுநாள் தாமதமாக வரும் கோப்பு இரண்டு முறை ஏறாமல் இருக்கத் தேதி, ஊர், அங்கத்தினர் எண், எடைச் சீட்டு எண் நான்கும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே கட்டுப்பாடு வைத்துவிடுங்கள்.

பேக்கப்பை அதே கட்டடத்தில் மட்டும் வைக்காதீர்கள். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் நிலச்சரிவில் சாலைகளே துண்டாகிப் போனதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எஸ்.எஸ்.ஐ.எஸ்.டி.பி.யும் கணக்குத் தரவுத்தளமும் தினமும் டி டிரைவில் பேக்கப் ஆகட்டும். வாரம் ஒரு நகல் வெளி வட்டில் வேறு ஊருக்கோ, இணையச் சேமிப்பகத்துக்கோ போகட்டும்.

முதல் மாதம் கையால் போடும் பழைய கணக்கை நிறுத்தாதீர்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். மாதக் கடைசியில் மொத்தக் கிலோவை மட்டும் ஒப்பிட்டால் போதாது. ஒருவருக்குக் கூடி இன்னொருவருக்குக் குறைந்தாலும் மொத்தம் சரியாகவே இருக்கும். அங்கத்தினர் வாரியாக ஒப்பிட்டு, வித்தியாசம் வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் எடைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். எடை போடுபவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், எந்த நாள் மழை, எந்த நாள் லாரி இரண்டு நடை வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வித்தியாசம் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்த பிறகு அடுத்த மாதப் பட்டுவாடாவை சர்வர் கணக்கில் போடலாம்.